சட்டப் பக்கங்களை வெட்டாதீர்கள்: நாவலைப் படமாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களே, திரைக்கதை ஆசிரியர்களே,

வணக்கம். நீதிமன்ற நாவல் ஒன்றின் உரிமையை வாங்கியதும் முதல் கத்திரி எங்கே விழும் என்பது உங்களுக்கே தெரியும். மனு, ஆட்சேபணை, பழைய தீர்ப்பு எல்லாம் "ரசிகனுக்குப் புரியாது" என்று போய்விடும். அந்த இடத்தில் ஒரு கார் துரத்தலும், தொண்டை கிழியப் பேசும் கடைசி வாதமும் வந்து உட்காரும். அந்தப் பக்கங்களைத் தயவுசெய்து விட்டுவையுங்கள். விறுவிறுப்பு இருப்பதே அங்கேதான்.

ஆட்டோ பிரெமிங்கர் 1959இல் எடுத்த 'அனாடமி ஆஃப் எ மர்டர்' படத்தைப் பாருங்கள். மூல நாவலைப் புனைபெயரில் எழுதியவர் மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் வோல்கர். கொலை வழக்குதான், ஆனால் சுட்டவர் யார் என்பதில் மர்மமே இல்லை. சுட்ட நேரத்தில் அவர் மனநிலையைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்ற கேள்விதான் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நம்மைக் கட்டிப்போடுகிறது. இரண்டு வக்கீல்கள் நூலகத்தில் தடித்த புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். கைகொடுக்கும் பழைய தீர்ப்பு ஒன்று அகப்படுகிறது. எந்தச் சண்டைக் காட்சியும் எனக்கு அந்தப் படபடப்பைத் தந்ததில்லை. நீதிபதியாக நடித்த ஜோசப் வெல்ச் நிஜத்திலும் வக்கீல் என்பது, அவர் ஆட்சேபணைகளைக் கையாளும் நிதானத்திலேயே தெரிகிறது.

கதையை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜான் கிரிஷாமின் 'தி ஃபர்ம்' நாவலில் இளம் வக்கீல், தான் வேலை செய்யும் வக்கீல் நிறுவனத்தின் கோப்புகளை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் சேர்த்துவிட்டுப் பணத்தோடு தலைமறைவாகிறான். 1993இல் வந்த படம் அவனை ஓடவிடவில்லை. கட்சிக்காரரின் ரகசியத்தை வெளியிட்டால் வக்கீல் உரிமம் பறிபோகும், வெளியிடாவிட்டால் எஃப்.பி.ஐ. விடாது. நிறுவனம் கட்சிக்காரர்களுக்குக் கூடுதலாக பில் போட்டு, அவற்றைத் தபாலில் அனுப்பியிருப்பதை அவன் கண்டுபிடிக்கிறான். அமெரிக்காவில் தபால்வழி மோசடி மத்திய அரசுக் குற்றம். ரகசியமும் காப்பாற்றப்படுகிறது, நிறுவனமும் மாட்டிக்கொள்கிறது. நாவலின் முடிவைவிட எனக்கு இது ஒரு படி மேல். மாற்றம் சட்டத்துக்குள்ளிருந்தே பிறந்ததுதான் காரணம்.

கிரிஷாமின் இன்னொரு நாவலான 'ரன்அவே ஜூரி' 2003இல் படமானபோது சிகரெட் நிறுவனத்தின் இடத்தில் துப்பாக்கி நிறுவனம் வந்தது. வரட்டும். வழக்கில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியை வளைக்கும் ஆட்டம் அப்படியே இருந்ததே, அது போதும்.

குறுக்கு விசாரணையைத்தான் நீங்கள் அதிகம் சிதைக்கிறீர்கள். வக்கீல் மேசையைத் தட்டியதும் சாட்சி உடைந்து அழுது உண்மையைக் கொட்டிவிடுகிறார். நல்ல நாவலில் வக்கீல் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டு, தப்பும் வழிகளை ஒவ்வொன்றாக அடைப்பார். தான் மாட்டிக்கொண்டது சாட்சிக்கே தாமதமாகத்தான் உறைக்கும். உங்கள் அடுத்த படத்தில் ஒரே ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையாவது, பின்னணி இசை இல்லாமல், முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை முழுசாக வரட்டும்.

அன்புடன்,
நாவலையும் படத்தையும் சேர்த்தே நேசிக்கும் ஒரு வாசகர்