யுலிசிஸ் படிக்கும் பிள்ளைகள்

டப்ளின்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குடியாத்தத்தில் இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று அம்மா போனில் சொன்னாள். இங்கே மார்ச் முடியப்போகிறது, இன்னும் கம்பளிக் கோட்டுப் போடாமல் பஸ் நிறுத்தம் வரை போக முடியவில்லை. மழை கொட்டித் தீர்ப்பதில்லை; நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். என்னோடு வீட்டில் இருக்கும் கேரளத்து நர்சுகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரிக்குள் வைத்தால் இட்லி மாவு ஒரே இரவில் புளித்துப் பொங்கிவிடும் என்று அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வாடகைதான் உதவித்தொகையில் பாதியை விழுங்கிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் படித்தால் ஒன்பது சந்தேகம் வருகிற புத்தகத்தைப் பிள்ளைகள் தலையில் ஏன் கட்டுகிறார்கள், எழுதியவனுக்குப் புரியவைக்கும் கடமை இல்லையா என்று. இத்தனை காலம் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தியவர் கேட்கும் கேள்வி இது. போனில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

ஆய்வு மாணவர்கள் இளநிலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். எனக்கு ஒதுக்கியது ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய ‘யுலிசிஸ்’. கதை நடப்பது இதே டப்ளினில், 1904 ஜூன் 16 என்கிற ஒரே நாளில். அச்சிடத் துணிந்து யாரும் முன்வராத நிலையில், பாரிசில் சிறிய புத்தகக் கடை நடத்திய சில்வியா பீச் என்ற பெண் 1922 பிப்ரவரி 2 அன்று, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளில், வெளியிட்டார். அமெரிக்காவில் ஆபாசம் என்று தடை செய்தார்கள். 1933இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விடுதலை கிடைத்தது. பதினெட்டு அத்தியாயங்கள். ஒன்று பத்திரிகைத் தலைப்புகளாகப் போகிறது, ஒன்று நாடகமாக, ஒன்று கேள்வி பதிலாக. கடைசி அத்தியாயத்தில் ஒரு பெண் இரவில் படுக்கையில் கிடந்தபடி நினைக்கிறாள். எட்டே வாக்கியங்கள், நிறுத்தக்குறியே கிடையாது என்று சொல்லலாம். அடியில் ஓடுவது யுலிசிஸ் என்ற வீர அரசன் வீடு திரும்பும் கதையைச் சொல்லும் கிரேக்க இதிகாசம். ஆனால் நாயகன் வீரனும் அல்ல, அரசனும் அல்ல. பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துக்கொடுக்கிற லியோபோல்ட் புளூம்.

பிள்ளைகள் முதல் இரண்டு அத்தியாயங்களைப் பொறுத்துக்கொண்டார்கள். மூன்றாவதில் ஒரு இளைஞன் சாண்டிமவுண்ட் கடற்கரையில் நடக்கிறான், அவ்வளவுதான் நிகழ்ச்சி. மற்றதெல்லாம் அவன் மண்டைக்குள் ஓடுகிற லத்தீன், பிரெஞ்சு, தத்துவம், செத்துப்போன அம்மாவின் நினைவு. வகுப்பு அங்கேயே நின்றுவிட்டது. இரவு பதினொன்று வரை காபிக் கடையில் வேலை பார்த்துவிட்டு வரும் பெண் ஒருத்தி புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்துவைத்தாள். “எனக்குப் படிக்கக் கிடைப்பது பஸ்ஸில் போகிற நேரம்தான். அந்த நேரத்தை இந்த ஆள் மதிக்கவே இல்லை” என்றாள். நீங்கள் கேட்ட கேள்வியேதான் அப்பா. அவள் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. உழைத்துச் சம்பாதித்த நேரத்துக்குக் கணக்குக் கேட்கிறாள். அது வாசகரின் உரிமை.

எனக்குப் பிடிக்காதது வேறு. கோனார் நோட்ஸ் மாதிரி இதற்கும் உரைகள் ஏராளம். ஒரு பையன் உரையை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு வந்தான். எந்தப் பாத்திரம் கிரேக்கக் கதையில் யாருக்கு ஈடு என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பான். எந்த இடத்தில் சிரித்தாய் என்று கேட்டேன். விழித்தான். புரிந்ததுபோலத் தலையாட்டுகிறவர்களைவிடப் புரியவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களை வைத்து வகுப்பு நடத்துவது எவ்வளவோ மேல்.

அதன்பிறகு உரைகளையெல்லாம் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நான்காம் அத்தியாயத்தில் புளூம் காலையில் மனைவிக்குத் தேநீரும் ரொட்டியும் எடுத்துப் போகிறான். அடுப்பில் அவனுடைய சிறுநீரகக் கறி தீய்ந்துவிடுகிறது. காலடியில் பூனை. அது கத்துவதைக்கூட ஜாய்ஸ் மூன்று விதமாக எழுத்துக்கூட்டியிருக்கிறார். பால் கிடைக்கத் தாமதமாகத் தாமதமாக நடுவில் எழுத்துகள் கூடிக்கொண்டே போகும். டப்ளினின் வடபகுதியிலிருந்து வரும் பையன் ஒருவன், அதுவரை வாயே திறக்காதவன், அதைப் படித்தான். மற்ற பிள்ளைகளுக்கு விடுகதையாகத் தெரிந்த வரிகள் அவன் வாயில் பேச்சாகிவிட்டன. எங்கள் தாத்தா இப்படித்தான் பாதியில் விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போவார் என்றான். வகுப்பே சிரித்தது.

எனக்கு அங்கே பாரதக் கூத்துதான் நினைவுக்கு வந்தது. திரௌபதி அம்மன் கோயிலில் பகலெல்லாம் பிரசங்கம், விடிய விடியக் கூத்து. பாய் சுருட்டிக்கொண்டு உங்களோடு வருவேன். வில்லிபாரதப் பாட்டில் ஒரு வரிகூட எனக்கு அப்போது விளங்கியதில்லை. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பொருள் சொன்னதில்லை. முகவீணைக் குழலின் ஓசை ஏறும்போது ஏதோ நடக்கப்போகிறது என்று தெரியும், கோமாளி கட்டியங்காரன் வந்தால் சிரிப்பு வரும், நடுவில் தூங்கிவிடுவேன். ஆனால் கர்ண மோட்சத்தன்று எழுதப் படிக்கத் தெரியாத ஆயா எந்த இடத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கே அழுவேன். பொருள் பிறகு வந்தது, உங்கள் வகுப்பில். முதலில் பொருள் சொல்லி, பிறகு கூத்துக்கு அழைத்துப் போயிருந்தால் நான் தமிழே படித்திருக்கமாட்டேனோ என்னவோ.

இதை வகுப்பில் சொன்னேன். பாரதப் போரும் பதினெட்டு நாள், இந்த நாவலும் பதினெட்டு அத்தியாயம், தற்செயல்தான் என்றேன். அதன்பின் ஆளாளுக்குக் கர்ணன் கதையைக் கேட்டார்கள். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்லவேண்டியது பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பற்றித்தான். ஒரு மதுக்கடை. புளூமின் அப்பா ஹங்கேரியிலிருந்து வந்த யூதர். கடையில் உட்கார்ந்திருக்கும் தேசபக்தர் ஒருவர் அவனைச் சீண்டுகிறார். உன் நாடு எது என்று கேட்கிறார். அயர்லாந்து, இங்கேதான் பிறந்தேன் என்கிறான் புளூம். இதைப் படித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை. நைஜீரியப் பெற்றோருக்கு டப்ளினிலேயே பிறந்த பெண் ஒருத்தி, “இந்தக் கேள்வியை நான் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன்” என்றாள். காபிக் கடைப் பெண் தலையைத் தூக்கி, அதே பத்தியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

2025 ஜூலையில் இங்கே இந்தியர்கள் தாக்கப்பட்டு, ஆகஸ்டில் தூதரகம் எச்சரிக்கை அறிவிப்பு விட்டதும் அம்மா எவ்வளவு பயந்துபோனாள் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். என்மேல் யாரும் கை வைத்ததில்லை, அது உண்மை. ஆனால் இருட்டிய பிறகு தெருமுனையில் கூட்டமாகப் பையன்கள் நின்றால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். கடைசி பஸ்ஸில் ஏறுவதில்லை. நல்லவர்கள்தான் அதிகம், முன்பின் தெரியாத கிழவிகள் பஸ்ஸில் என் குடும்பம் முழுவதையும் விசாரித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த ஊர்.

அப்பா, உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்கிறவன் பெயரில்லாத ஒருவன். யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை வராத வாய். புளூமையும் கேவலமாகத்தான் பேசுகிறான். போதாததற்கு, நடுநடுவே காவிய நடையை ஊதிப் பெரிதாக்கிய பக்கங்கள், முடிவே இல்லாத பெயர்ப் பட்டியல்கள். பிள்ளைகள் திட்டித் தீர்த்த பக்கங்கள் இவைதான். அத்தனை இரைச்சலுக்கும் நடுவே புளூம், வெறுப்பு மனிதனுக்கு வாழ்க்கையாகாது, அதற்கு எதிரானதுதான் வாழ்க்கை என்று தட்டுத்தடுமாறிச் சொல்கிறான். எது என்று கேட்கிறார்கள். அன்பு என்கிறான், உடனே போகவேண்டும் என்று எழுந்துவிடுகிறான். ஜாய்ஸ் அவனுக்கு மேடை போட்டுக் கொடுக்கவில்லை. அவனை இளக்காரம் செய்கிறவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை வாசகர்தான் பொறுக்கி எடுக்கவேண்டும். நேராக எழுதியிருந்தால் அது நீதிபோதனைப் பாடம். பிள்ளைகள் ஆமாம் என்று அடிக்கோடு போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இங்கே அந்தக் கடையிலேயே உட்காரவைத்துவிடுகிறார். பேசப்போகிறோமா, சும்மா இருக்கப்போகிறோமா என்று அவரவருக்கே உறுத்துகிறது.

எல்லாக் கடினமும் இப்படிப் பலன் தருகிறது என்று சொல்லமாட்டேன். பதினான்காம் அத்தியாயம் ஆங்கில உரைநடையின் வரலாற்றையே வரிசையாக நடித்துக்காட்டுகிறது. பண்டிதர்களுக்கு விருந்து, இருபது வயதுப் பிள்ளைகளுக்குத் தண்டனை. அதில் சில பக்கங்களோடு விட்டுவிட்டோம். கடைசி அத்தியாயத்தைப் பெண்கள் மாற்றி மாற்றிப் படித்தார்கள். பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிங்கன் பிளேசில் ஸ்வெனி என்ற பழைய மருந்துக்கடை இருக்கிறது. நாவலில் புளூம் எலுமிச்சை சோப்பு வாங்குகிற கடை. இப்போது மருந்து விற்பதில்லை, தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். முதியவர்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் ஜாய்ஸ் படிக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். அம்மாவுக்கு ஒரு சோப்பு வாங்கியிருக்கிறேன், வேலூருக்கு விடுப்பில் வரும் நர்ஸ் அக்கா ஒருவர் கொண்டுவருவார். பீரோவில் பூட்டிவைக்காமல் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள்.

காபிக் கடைப் பெண் மூன்றாம் அத்தியாயத்தை இன்னமும் மன்னிக்கவில்லை. பரீட்சைக் கட்டுரையையே அதற்கு எதிராகத்தான் எழுதப்போகிறாளாம், எழுது என்றேன். ஆனால் கூத்தைப் பார்க்கவேண்டும் என்று என்னை விடாமல் கேட்கிறாள். இந்த ஆண்டுப் பாரதத்தில் கர்ண மோட்சத்தைத் தம்பியை விட்டு முழுதாகப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டியங்காரன் வரும் இடங்களை நிறுத்திவிட வேண்டாம். வெளிச்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, முகவீணை நன்றாகக் கேட்கவேண்டும். மேடைக்கு அருகே, வலப்பக்கமாக உட்காரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்