சுந்தர் சொன்னது சரிதான்

அன்புள்ள மணி,

இங்கு எல்லாரும் நலம். பதில் போடவில்லை என்று நீ திட்டியது நியாயம். அதற்கும் சேர்த்து இந்தக் கடிதம்.

உன் கார் விளையாட்டைப் பார்த்துவிட்டு "ரோடு சாயுதுடா, வளையல" என்றானாமே சுந்தர். கோபப்படாதே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். திரையில் ரோட்டைக் கீழிருந்து மேலே கிடைவரி கிடைவரியாக வரைகிறாய் அல்லவா, வளைவுக்கு எல்லா வரியையும் ஒரே அளவு தள்ளித் தள்ளி வரைந்திருக்கிறாய். அப்படிச் செய்தால் ரோடு சாயத்தான் செய்யும். தள்ளும் அளவே வரிக்கு வரி கூட வேண்டும். கீழிருந்து முதல் வரிக்கு 0.02 பிக்சல், அடுத்ததற்கு 0.04, இப்படியே போனால் தொடுவானம் இருக்கும் 100ஆவது வரியில் 2 பிக்சல். மொத்தம் கூட்டிப் பார், தொடுவானத்தில் ரோடு 101 பிக்சல் விலகியிருக்கும். அதுதான் வளைவு. அந்த 0.02ஐயும் சட்டென்று வைக்காதே, ரோடு வெட்டும். பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்று.

ரோட்டின் குறுக்குப் பட்டைகள் பின்னோக்கி ஓடுகின்றன என்று புலம்பியிருந்தாய். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில், திரையில் நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) என்றால், ஒரு ஃபிரேமுக்குக் கார் சுமார் 1.4 மீட்டர் நகரும். வெளிர்ப் பட்டையும் கரும்பட்டையும் சேர்ந்து 2 மீட்டர்தான் வைத்திருக்கிறாய். நகர்வு ஒரு ஜோடியின் பாதியைத் தாண்டினால் கண் அதைப் பின்னோட்டமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஜோடியை 10 மீட்டராக்கு. நிறத்தை வரி எண்ணை வைத்து மாற்றாமல் தூரத்தை வைத்து மாற்று. தூரம் என்பது கேமராவின் உயரத்தைத் தொடுவானத்துக்குக் கீழே எத்தனையாவது வரி என்பதால் வகுத்து, ஒரு நிலையான எண்ணால் பெருக்கியது. மரங்களின் அளவையும் அதே தூரத்தால் வகு. தொலைவில் இருப்பதை முதலில் வரை.

ஆனால் மணி, என் கவலை வேறு. விளையாட்டில் இனி சேர்க்க நாணயம், கராஜ், புது எஞ்சின் என்று நீ போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வேண்டாம்டா. 1976இல் வந்த நைட் டிரைவர் என்ற கார் விளையாட்டில் இருட்டும் வெள்ளைக் கம்பங்களும்தான். காரைக்கூட நிரல் வரையவில்லை. 1986இல் யூ சுஸுகி செய்த அவுட்ரன் கார் விளையாட்டில் கியர் இரண்டே இரண்டு. மோதினால் உயிர் போகாது, நேரம்தான் போகும். கடைசிக் கட்டம் தவிர, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ரோடு இரண்டாகப் பிரியும். இடமா வலமா என்பதை ஓடுகிற ஓட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பிரிந்து பிரிந்து மொத்தம் 15 கட்டங்கள். ஒரு ஆட்டத்தில் பார்க்க முடிவது 5. மிச்சம் பத்தும் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடும். நாணயம் எதற்கு?

கை பரபரப்பது ஒரே ஒரு கேள்வியால்: இந்த வளைவில் ஆக்ஸிலரேட்டரை விடவா, அழுத்தவா? உன் விளையாட்டில் அந்தக் கேள்வியே எழவில்லை, ஏனென்றால் காரை எதுவும் வெளியே தள்ளவில்லை. வளைவையும் வேகத்தையும் பெருக்கி, காரை அந்த அளவுக்கு வெளிப்பக்கம் தள்ளு. மிகக் கடுமையான வளைவில், முழு வேகத்தில், அந்தத் தள்ளல் ஸ்டியரிங்கைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும். குறைத்தால் தூக்கம் வரும். ரொம்பக் கூட்டினால் ஓட்டுகிறவன் எரிச்சலில் எழுந்து போய்விடுவான்.

மேடு பள்ளம் இப்போதைக்கு வேண்டாம். வளைவு, பட்டை, தள்ளல், இந்த மூன்றையும் சரிசெய்து அனுப்பு. இந்த முறை சுந்தருக்கு முன்னால் எனக்கு.

அன்புடன்,
ரகு