ரியூசன் நோட்டீசுக்கு இல்லாத தடை கிணற்றுப் படத்துக்கு ஏன்?

யாழ்ப்பாண நகரத்தின் கடைத் தெருக்களுக்கும் சுவர்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெரிய கடைப் பக்கம் தையற்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வரிசையில் பூட்டிய கடையொன்றின் சட்டரில் பிள்ளைகள் வரைந்த கிணற்றுப் படத்துக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு வாளியோடு வந்தவர்கள் உங்கள் ஆட்கள்தான். அனுமதி இல்லாமல் வரைந்தது என்றார்கள், அழித்தார்கள், போய்விட்டார்கள். அடுத்த வாரமே அதே சட்டரில் உயர்தர இரசாயனவியல் ரியூசன் நோட்டீஸ் ஏறியது. அதற்குப் பக்கத்தில் ஒரு முப்பத்தோராம் நாள் அஞ்சலி. இரண்டும் இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு எந்தக் கந்தோரில் அனுமதி கொடுக்கிறீர்கள் என்று சொன்னால், வரைந்த பிள்ளைகளையும் அங்கேயே அனுப்பி வைக்கிறேன்.

என்ன படம் என்று பார்த்துத்தான் அழித்தார்களோ தெரியாது. ஒரு கிணற்றை நெடுக்காக வெட்டிக் காட்டியிருந்தார்கள். மேலே செம்மண், அதன் கீழே சுண்ணக்கல், கல்லின் வெடிப்புகளுக்குள் ஒரு பட்டை நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர். அந்தக் கடல் முழுக்கச் சோடாப் போத்தல் மூடிகள். துளை போட்டுக் கம்பியில் கோத்து, சட்டரின் ஒவ்வொரு மடிப்பிலும் கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத குடாநாடு இது, அந்த ஆறும் மழைக்குத்தான் ஓடும். மற்றபடி கல்லுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர்தான் எங்களுக்குச் சீவன். அது உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கண்டபடி இறைத்தால் உப்பு மேலே ஏறும், தோட்டத்துக்குப் போடுகிற யூரியா நைத்திரேற்றாகி உள்ளே இறங்கும். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை 2015 இல் ஊரையே உலுக்கியது. இதையெல்லாம் அறிக்கையில் எழுதினால் யார் படிக்கிறார்கள்? சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பிள்ளை அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, “அக்கா, எங்கட கிணத்துக்குக் கீழயும் கடலோ?” என்று கேட்டாள்.

சரி, படத்தின் அருமையைப் பாட இந்த மடல் எழுதவில்லை. என் கடைக்கு இரண்டு பக்கமும் பூட்டிய கடைகள். உரிமையாளர்கள் வெளிநாட்டில், திறப்பு யாரிடம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஐப்பசி மழை தொடங்கினால் இடப்பக்கக் கடையின் கூரைப் பீலி அடைத்துக்கொள்ளும், சட்டரின் அடியில் தண்ணீர் நிற்கும். இரவில் போகிறவர்கள் சொப்பிங் பையில் கட்டிய குப்பையை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். நாய் இழுத்துப் பரப்பும். காலையில் என் கடையைக் கூட்டுமுன் அதைக் கூட்டுவேன். பிறகு டெங்கு நுளம்பு பரிசோதிக்க வருகிறவர்கள் பூட்டிய கடையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்கள். திறந்திருப்பது என் கடைதானே! குடம்பி இருந்தது பக்கத்துக் கடையின் வாசலில். சிவப்பு நோட்டீசில் கையெழுத்து வைத்தது நான். சோலைவரி ஒழுங்காகக் கட்டுகிறவளுக்கு இதுவும் ஒரு சலுகை போலும்.

அந்தப் படம் இருந்த நாட்களில் அங்கே ஒரு குப்பைப் பையும் வரவில்லை. படம் எடுக்க வந்தவர்கள் நின்றார்கள், எதிர்க்கடைத் தேநீர் விற்றது. இதைத்தான் நீங்கள் அழித்தீர்கள் என்பதைத் தாழ்மையுடன் சொல்லிக்கொள்கிறேன்.

தடை, ஒழுங்கு என்று சொல்கிறீர்கள். சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீற்றை 2017 இல் தடை செய்தார்கள். நான் கூட்டும் குப்பைக்குள் அது இன்றைக்கும் கிடக்கிறது. அதைத் தேடி ஒருவரும் வாளியோடு வரவில்லை. 2019 கடைசியில் நாடெங்கும் இளைஞர்கள் சுவர்களுக்கு வண்ணம் தீட்டினார்கள், யாழ்ப்பாணத்திலும் தீட்டினார்கள். அப்போது பெரியவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தேர்தல் வந்தால் பூட்டிய கடைகளெல்லாம் வேட்பாளர்களின் முகங்களால் நிறைந்துவிடும், அந்தப் பசை அடுத்த தேர்தல் வரைக்கும் காயாது. புதிய கடைத்தொகுதிகளுக்கு அடிக்கல் நாட்டுகிறோம், நாடா வெட்டுகிறோம். பழைய வரிசையில் விளக்கில்லை, வடிகாலில்லை, மாலை ஏழு மணிக்குப் பிறகு பெண்பிள்ளைகள் அந்தப் பக்கத்தால் வர மாட்டார்கள்... எங்கேயோ போகிறேன், மன்னிக்கவும். நான் கேட்பது ஒன்றுதான். பூட்டிய கடைகளின் சட்டரையும் கண்ணாடியையும் குறுகிய காலத்துக்குக் கலைஞர்களுக்குக் கொடுக்க, எழுத்தில் ஒரு அனுமதி முறை வேண்டும்.

உரிமையாளர்கள் சம்மதிப்பார்களா என்று கேட்பீர்கள். ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர்களுக்கு, உள்ளே விட்ட ஆளை வெளியே எடுக்க முடியாது என்ற பயம் இன்னும் போகவில்லை. பத்து வருடம் அனுபவித்த ஆள் கடையே தனக்குச் சொந்தம் என்று வழக்குப் போடுவான் என்ற பயம் அதைவிடப் பெரிது. கனடாவில் இருப்பவர் ஊரில் அற்றோணி, அதாவது தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம், கொடுக்க நம்பிக்கையான ஆளைத் தேடியே களைத்துவிடுகிறார். கடை பாழடைந்தாலும் பரவாயில்லை, கடையின் உறுதி பத்திரமாக இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

இந்தப் பயத்துக்கு மருந்து இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் நியூகாசில் என்றொரு நகரம். 1989 இல் நிலநடுக்கம், 1999 இல் பெரிய உருக்காலை மூடல். அதன் பிரதான கடைத் தெருவான ஹன்டர் வீதியில் பூட்டிய கடைகள் பெருகின. 2008 இல் மார்கஸ் வெஸ்ட்பரி என்பவர் ‘ரினியூ நியூகாசில்’ அமைப்பைத் தொடங்கினார். கடைகளை வாங்கவில்லை, குத்தகைக்கும் எடுக்கவில்லை. 30 நாள், 30 நாளாக நீளும் அனுமதி மட்டும்தான். வாடகைக்கு ஆள் கிடைத்தால் கலைஞர் வெளியேற வேண்டும், வாடகைக்காரர் என்ற உரிமை எதுவும் அவருக்கு வராது. கடை துப்புரவாகும், வெளிச்சம் வரும், ஆட்கள் வருவார்கள். எங்கள் ஊர் உரிமையாளரும் இதைத்தானே கேட்பார்? சட்டரின் வெளிப்பக்கத்துக்கு அவ்வளவு பயம்கூடத் தேவையில்லை, ஒருவரும் உள்ளே கால் வைக்கப் போவதில்லை.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன். ஒரு தாள் போதும். உரிமையாளர் அல்லது அவரது அற்றோணி கையெழுத்து, என்ன வரைவது, எத்தனை மாதம், முடிந்ததும் யார் கழற்றுவது, இவ்வளவுதான். தண்ணீர், குப்பை, கடனீரேரி, பனை என்று எங்கள் சூழலைப் பற்றிய வேலைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். எனாமல் பெயின்றும் புதுப் பிளாஸ்டிக்கும் வேண்டாம் என்று நிபந்தனை போடுங்கள், சந்தோசம். நுண்கலை படித்த பிள்ளைகள் மருதனார்மடத்துப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வருடாவருடம் வெளியே வருகிறார்கள், ஆளுக்குக் குறைவில்லை. ஊரில் ஆட்களே இல்லாத உரிமையாளர்களுக்கு ஒரு கடிதம் போட உங்களிடம் வரிப் பதிவேடு இருக்கிறது, என்னிடம் இல்லை.

மாரி தொடங்குமுன் பதில் தந்தால் நல்லது. தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். தொலைபேசியில் சொன்ன அனுமதியை, வாளியோடு வருகிறவரிடம் காட்ட முடியாது. கம்பியில் கோத்த மூடிகளை அள்ளி என் கடைக்குள் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், துணி வைக்க இடம் போதவில்லை.

இப்படிக்கு,
இரண்டு பூட்டிய கடைகளுக்கு நடுவில் கடை திறப்பவள்