பாலில்லாத சமையல் நமக்குப் புதுசில்லை, பாப்பா

குடியாத்தம்,
மார்கழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் ஊரில் பனி கொட்டுகிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு போ.

"பால், தயிர், நெய் எல்லாத்தையும் விட்டுட்டேம்மா" என்று நீ போனில் சொன்னபோது நான் சும்மா இருந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. கோபமெல்லாம் இல்லை. பொங்கலுக்கு நீ வந்தால் என்ன சமைப்பது என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன், அவ்வளவுதான். கறி, மீன், முட்டையைக் காலேஜ் படிக்கும்போதே விட்டாய். அதற்குப் பழகிவிட்டோம், இதற்கும் பழகுவோம். நம் வீட்டுச் சமையலில் எதை எப்படி மாற்றுவது என்று எழுதி அனுப்பச் சொன்னாய். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் அத்தை விஷயம். "பசு தானா குடுக்கிற பால்ல என்ன பாவம் இருக்குது?" என்று ஆரணியிலிருந்து போன் மேல் போன். தானாக ஒன்றும் கொடுப்பதில்லை என்பது மாடு கட்டிய வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? பள்ளிகொண்டா பக்கம் ஆயா வீட்டில் எப்போதும் கறவை இருக்கும். கிடாரிக்கன்று போட்டால் வீடே கொண்டாடும். காளைக்கன்று என்றால் மாடு பால் சுரப்பதற்காகக் கொஞ்ச நாள் மடியில் முட்டவிடுவார்கள். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை தாத்தா அதைப் பொய்கைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது கையில் கயிறு மட்டும் இருக்கும். இரண்டு நாள் தாய் மாடு கத்திக்கொண்டே இருக்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டோம். ஆகவே உன் காரணத்தை எனக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தைக்கும் விளக்கிக்கொண்டிருக்காதே. "எனக்கு ஒத்துக்கலை அத்தை" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேள். தோசை கேட்டால் அவள் எல்லாவற்றையும் மறந்துவிடுவாள்.

நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். முந்திரியில் சீஸ், சோயாவில் பன்னீர், வெண்ணெய் மாதிரி ஒன்று, கிரீம் மாதிரி இன்னொன்று. எல்லாமே ஒன்றைப் போல் இன்னொன்று. எனக்கு இது சரியாகப் படவில்லை. பன்னீர் நம் வீட்டுக்குள் வந்ததே நீ பத்தாவது படிக்கும்போதுதான். வராமலே இருந்திருந்தாலும் யாரும் தேடியிருக்க மாட்டோம். ஆயா வீட்டில் அத்தனை மாடு இருந்தும் பால் விடிகாலையிலேயே சொசைட்டிக்குப் போய்விடும். அதுதான் கைக்காசு. வீட்டுக்கு மிஞ்சியது மோர், பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பால், விருந்தாளி வந்தால் காப்பி. நெய் பண்டிகைக்கு மட்டும். அதனால் அந்த அடுக்களையில் முக்கால்வாசிப் பண்டம் நீ இப்போது கேட்கிற கணக்கில்தான் இருந்தது. நெய்யும் பாலும் தாராளமாக ஊற்றிச் சமைக்க ஆரம்பித்தது பாக்கெட் பால் வாசலுக்கு வந்த பிறகு, அதாவது என் காலத்தில். நீ புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். என் காலத்திலிருந்து ஒரு படி பின்னே போனால் போதும்.

எடுத்துப் பார். களியும் வேர்க்கடலைத் துவையலும். புளிச்சகீரைக் கடைசல். கொள்ளு ரசம். காராமணிக் குழம்பு. இட்லி, தோசை, சாம்பார். மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட காரக்குழம்பு, ஆடி மாசம் அதில் கருவாடு விழும், அதை எடுத்துவிட்டால் குழம்பு ஒன்றும் சாய்ந்துவிடாது. ஒன்றிலாவது பால் இருக்கிறதா?

இப்போது இங்கே மொச்சைக்காய் குவிந்து கிடக்கிறது. நீ வந்ததும் முதல் நாள் பிதுக்கம்பருப்புக் குழம்புதான். அங்கே இந்தியக் கடையில் உறைய வைத்த பொட்டலத்தில் 'சுர்த்தி பாப்டி லில்வா' என்று குஜராத்திக்காரர்கள் விற்பார்கள், அது நம் மொச்சைதான். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வை. தோல் இளகியதும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்து, பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே பாயும். நேராகப் பாத்திரத்துக்குள் பாய்கிற மாதிரி பிடித்துக்கொள், இல்லையென்றால் சோபாவுக்கு அடியில் தேட வேண்டும். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, மிளகாய்த்தூள், தனியாத்தூள் போட்டுப் பருப்பைச் சேர். குக்கரில் வைக்காதே, கூழாகிவிடும். திறந்த பாத்திரத்தில் பூப்போல வெந்ததும் தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து விட்டு ஒரு கொதி. ஜெர்மனியில் கசகசா கடையிலேயே கிடைக்கும், கேக்குக்கு எல்லாம் போடுவார்களே. இந்தக் குழம்பு இட்லிக்கும் நிற்கும், சோற்றுக்கும் நிற்கும். இதைச் சாப்பிட்டுவிட்டுப் பன்னீரைத் தேடுகிறவள் என் மகளாக இருக்க முடியாது.

ஆனால் தயிரை அப்படி விட முடியாது என்று எனக்குத் தெரியும். கடைசியில் தயிர்சோறு இல்லாமல் உனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறேன். நம் பக்கத்து வேர்க்கடலையிலேயே தயிர் தோய்க்கலாம். சோயா, பாதாம் எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் பிடித்தது. விலையும் கட்டுப்படியாகும்.

கால் கிலோ பச்சை வேர்க்கடலை எடு, வறுத்தது கூடாது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கித் தூரப் போடு. இதில் சிக்கனம் பார்க்காதே, பூஞ்சை பிடித்த கடலை ஈரலுக்குக் கெடுதல். ராத்திரி ஊறவைத்து, காலையில் வெந்நீரில் போட்டுக் கசக்கித் தோலை எடுத்துவிடு. தோலோடு அரைத்தால் நிறமும் மங்கும், லேசாகத் துவர்க்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் முக்கால் லிட்டர் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நைசாக அரை. மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழி. அந்தப் பாலை அடி கனத்த பாத்திரத்தில் சின்னத் தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இரு. இங்கேதான் பொறுமை வேண்டும். மாட்டுப்பால் மாதிரி பொங்கி எச்சரிக்கை கொடுக்காது, சத்தமில்லாமல் அடியில் பிடிக்கும். பச்சை வாசனை போய், கரண்டியின் பின்பக்கம் மெல்லிசாகப் படியும்போது இறக்கு.

விரல் வைத்தால் சுடக்கூடாது, கதகதப்பாக இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் காம்போடு எட்டுப் பத்துப் பச்சை மிளகாயைக் கழுவிப் போட்டு மூடி வை. உறைமோரே இல்லாத வீட்டில் மிளகாய்க் காம்பு போட்டுத் தயிர் தோய்ப்பது பழைய வழிதான், காம்பில் இருக்கிற நுண்ணுயிர்தான் அந்த வேலையைச் செய்கிறது. வேலூர் வெயிலுக்கு ராத்திரி வைத்தால் காலையில் தயிர். உனக்கு அந்தக் குளிரில் ஓவன் உள்ளே வைத்து விளக்கை மட்டும் போட்டு விடு, ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் ஆகும். முதல் தயிர் நெகிழ்வாக இருக்கும், மிளகாய் வாடையும் கொஞ்சம் அடிக்கும். அதைச் சாப்பாட்டுக்கு நம்பாதே, உறைக்கு வைத்துக்கொள். அதில் ஒரு கரண்டி எடுத்துத் தோய்க்கிற அடுத்த தயிர்தான் கெட்டியாக நிற்கும். பிழிந்த சக்கையைக் கொட்டாதே, அடைமாவில் கலக்கலாம், பொரியலில் தேங்காய்க்குப் பதிலாகத் தூவலாம்.

ருசி மாட்டுத்தயிர் மாதிரியே இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். கடலை வாசனை மெலிசாக அடியில் இருக்கும். தயிர்சோற்றுக்குக் குழைய வடித்த சாதம், இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் அந்த வாசனை தெரியாது. புளிப்புப் போதவில்லை என்றால் நாலு சொட்டு எலுமிச்சை. மோர்க்குழம்பு வைத்தால் தேங்காய், சீரகம், ஊறிய அரிசி அரைத்த விழுது முதலில் வேகட்டும். தயிரைக் கடைசியில் ஊற்றி நுரை கட்டும்போதே இறக்கு. ஆபீசுக்கு எடுத்துப்போனால் கூட உட்காருகிறவர்களிடம் இது வேர்க்கடலை என்று முதலிலேயே சொல்லிவிடு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகும். மோர்மிளகாயை வெயிலில் உப்பும் எலுமிச்சைச் சாறும் மட்டும் போட்டு உனக்கென்று தனியாகக் காயவைத்து டப்பாவில் வைத்திருக்கிறேன்.

வெண்பொங்கல் எனக்கு இன்னும் திருப்தியாக வரவில்லை. நெய் இல்லாத வெண்பொங்கல் வேறு பண்டம், அதை ஒத்துக்கொண்டுதான் சமைக்க வேண்டும். பாசிப்பருப்பை வாசனை தூக்குகிற வரை சிவக்க வறுத்து, தண்ணீர் கூடவே வைத்துக் குழையவிட்டு, நல்லெண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி தாளி. சக்கரைப்பொங்கலுக்குத் தேங்காய்ப்பால். இரண்டாம் பாலில் அரிசியும் பருப்பும் வேகட்டும், வெல்லப்பாகு சேர்த்து இறக்கிய பிறகு முதல் பால், அதைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். வாசலில் வைக்கிற பானையில் வழக்கமாக விடுகிற பாலுக்குப் பதில் இந்த வருஷம் தேங்காய்ப்பாலே விடுகிறேன். பொங்கினால் சரி.

ஆற்காடு மக்கன் பேடாவைக் கேட்டாய். அதை விட்டுவிடு. அது கோவாவால் ஆனது, கோவாவை எடுத்தால் மிச்சம் மைதாவும் பாகும்தான். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் உருட்டிப் பொரித்துப் பாகில் போடலாம், நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கு வேறு பெயர் வை.

பிரியாணிக்குக் கவலை வேண்டாம். ஆம்பூர்ப் பிரியாணியின் நிறமும் காரமும் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில்தான் இருக்கிறது, தயிர் அதில் கொஞ்சம்தான். தயிருக்குப் பதில் ஒரு தக்காளி கூட, இறக்கும்போது எலுமிச்சை. கறிக்குப் பதில் பலாப்பிஞ்சு, கிடைக்காவிட்டால் மீல்மேக்கர், வெந்நீரில் போட்டு நன்றாகப் பிழிந்தபின் மசாலாவில் ஊறட்டும். தேங்காய்ப்பால் ஊற்றிவிடாதே, தித்தித்துப்போகும். தொட்டுக்கொள்ள எள், வேர்க்கடலை, புளி போட்ட கத்தரிக்காய் எப்போதுமே பாலில்லாததுதான். நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து மார்க்கெட்டில் எல்லாக் கத்தரிக்காயையும் இலவம்பாடி என்றே சொல்லி விற்கிறார்கள். காம்பில் முள் குத்துகிறதா என்று பார்த்துத்தான் நான் வாங்குகிறேன்.

காப்பி உன் பாடு. சோயாப் பால் திரிகிறது என்றாயே, டிகாக்ஷன் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது ஊற்றினால் அப்படித்தான். பாலைச் சூடாக்கிக்கொண்டு டிகாக்ஷனைக் கொஞ்சம் ஆறவிடு. ஓட்ஸ் பால் இன்னும் அடக்கமாக இருக்கிறது.

இனி நான் கண்டிப்பாகச் சொல்கிற ஒன்று. வைட்டமின் பி12 மாத்திரை. சத்துணவு அமைப்பாளராக அத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அளந்து போட்டவள் சொல்கிறேன், கீரையிலும் பருப்பிலும் இட்லி மாவிலும் அது நம்பிச் சாப்பிடுகிற அளவுக்கு இல்லை. உடம்பு முன்னாலே சேர்த்து வைத்ததை வைத்துச் சில வருஷம் ஓட்டிவிடும், அதனால் குறைந்தது தெரியாது. கைகால் மரத்துப்போன பிறகு ஓடாதே, இப்போதே டாக்டரிடம் ரத்தம் கொடுத்துப் பார்த்து, அவர் சொல்கிற அளவில் எடு. கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் விடாதே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதே அளவு பாலில் 120 மில்லிகிராம்தான். அத்தனையும் உடம்பில் ஒட்டாது என்பதும் உண்மை, அதனால் கணக்குப் பார்த்துக் குறைத்துச் சாப்பிடாதே. கீரைக்கும் பருப்புக்கும் எலுமிச்சை பிழிந்துகொள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்புச் சத்தை அது சேரவிடாது.

இங்கே வந்து கடையில் பிஸ்கட் வாங்கும்போது பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கிவிடாதே. பால்பவுடர் இருந்தாலும் பச்சைப் புள்ளிதான். 2022-இல் வீகனுக்கென்று, அதாவது உன்னை மாதிரி பாலையும் விட்டவர்கள் சாப்பாட்டுக்கென்று, தனி விதி வந்து, பச்சை நிறத்தில் 'வி' எழுத்துப் போட்ட முத்திரையும் உண்டு, ஆனால் குடியாத்தம் பெட்டிக்கடையில் அதைத் தேடினால் பொங்கல் முடிந்துவிடும். ஹோட்டலில் தோசைக்கு நெய் வேண்டாம் என்று ஆர்டர் சொல்லும்போதே சொல். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடு.

ஒருத்திக்கு மட்டும் அளவு போட எனக்குக் கை வராது, நூறு பேருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அதனால் நீ இருக்கும் வரை வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல்தான். அப்பாவுக்கு மட்டும் காப்பிக்குப் பால் வாங்குவேன், அதை நீ கண்டுகொள்ளாதே. காட்பாடிக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது, தம்பியை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
அம்மா

பி.கு: தேனும் கூடாதா என்று அப்பா கேட்கச் சொன்னார். வள்ளி முருகனுக்குக் கொடுத்ததே தேனும் தினைமாவும்தானே, பாப்பா வள்ளிமலைக்குப் போனால் என்ன செய்வாள் என்கிறார். தினைமாவில் வெல்லம் போட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு போவோம் என்று சொல்லியிருக்கிறேன். முருகன் தகராறு பண்ண மாட்டார், உங்க அப்பாதான் பண்ணுவார்.