நாற்காலியை நகர்த்தச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரியோரே,

பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கிய என் அறையில் பேஸ் கித்தாரின் தடித்த தந்தி மட்டும் உயிரின்றி ஒலிப்பதற்கு ஸ்பீக்கர்களே காரணம் என்று ஓராண்டாக நம்பி, அவற்றை விற்றுவிடவும் துணிந்திருந்தேன். அறையை அளக்காமல் எதையும் மாற்றாதே என்று தடுத்து, அளக்கவும் கற்றுத்தந்த உங்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல்.

அளவீட்டு மைக்கை இரவல் தந்த நண்பருக்கு முதல் நன்றி. அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஏறும் ஊளையை ஓடவிட்டு, நான் பெருமையோடு அனுப்பிய முதல் வரைபடத்தில் உச்ச அதிர்வெண்கள் மளமளவெனச் சரிந்திருந்தன. நான் மைக்கைக் கூரை நோக்கி நிறுத்திவிட்டு, அதை ஸ்பீக்கரை நோக்கி வைக்கும்போது மைக்கின் பிழையைச் சரிக்கட்டும் திருத்தக் கோப்பை ஏற்றியிருப்பதை அவர் இருந்த இடத்திலிருந்தே கண்டு சொல்லிவிட்டார்.

இயற்பியல் ஆசிரியரான மாமாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. 41 ஹெர்ட்ஸில் ஒலி 18 டெசிபல் தாழ்ந்து பள்ளமாகக் கிடந்ததைக் காட்டியபோது, அவர் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு அறையின் நீளத்தைக் கேட்டார், 4.2 மீட்டர். நொடிக்கு 343 மீட்டர் என்னும் ஒலியின் வேகத்தை அந்த நீளத்தின் இருமடங்கான 8.4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 41 வருகிறது. தடித்த தந்தியின் அதிர்வெண்ணும் அதுவே. ஒலி இரு சுவர்களிலும் மோதித் திரும்புவதால் இடையே நகராமல் நிற்கும் நிலை அலையின் அழுத்தம் நட்டநடுவில் அற்றுப்போகும் என்றும், என் நாற்காலி கிடப்பது சரியாக அங்கேதான் என்றும் அவர் விளக்கினார். குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் தூக்கிவிடலாமே என்றேன். நேரொலியை உயர்த்தினால் அதை அழிக்கும் எதிரொலியும் கூடவே உயரும், ஆம்ப்ளிஃபயர் திணறுவதுதான் மிச்சம் என்றார். நாற்காலியை 60 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளி மீண்டும் அளந்ததில் பள்ளம் 7 டெசிபலாகக் குறைந்தது. காசு செலவில்லாத வைத்தியம் என்பதால் முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நான் அமர்ந்திருக்க, பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போய், அதில் எனக்கு ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில், அதாவது ஒலி சுவரில் பட்டு என்னை நோக்கித் தெறிக்கும் இடத்தில், சாக்பீஸால் குறியிட்ட தங்கைக்கும், மின்விசிறியை நிறுத்திவிட்டு நள்ளிரவில் நான் எழுப்பிய ஊளைகளைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி. 1895இல் ஹார்வர்டில் ஆர்கன் குழாயோடும் இருக்கை மெத்தைகளோடும் எதிரொலியை அளந்த இயற்பியலாளர் சபைனும் இரவில்தான் வேலை செய்தார் என்பதே என் ஒரே சமாதானம்.

அறையின் அகலவாட்டில் எழும் 57 ஹெர்ட்ஸ் நிலை அலை இன்னும் அடங்க மறுக்கிறது. நான் ஒட்டிய மெல்லிய ஃபோம் அதை அசைக்கக்கூட இல்லை. ஆகவே நண்பரே, மைக் இன்னும் இரண்டு வாரம் என்னிடமே இருக்கட்டும்.

நன்றியுடன்,
உங்கள் மாணவன்