கீஸ் பெண்ட் போர்வைகளை அந்த மண்ணிலிருந்து பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். தையல் வேலையை மகளிர் பகுதிக்கு ஒதுக்கிவிடாமல் கலைப் பக்கத்தில் அச்சிட்டதற்கு என் நன்றி. ஆனால், அப்போர்வைகளின் பெருமையை நிறுவக் கட்டுரையாளர் மத்தீஸ், பால் கிளே ஆகிய ஐரோப்பிய ஓவியர்களை அளவுகோலாக வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சி நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு வந்தபோதும் இந்த ஒப்பீடே செய்யப்பட்டது. பாராட்டும் நோக்கத்தில் செய்யப்பட்டதுதான் என்றாலும், அப்போர்வைகளுக்கு வடிவம் தந்த நாட்டுப்புறத்தை அந்த ஒப்பீடு பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது.

அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவே அகப்பட்ட பருத்தி நிலம் அது. 1840களில் அந்தத் தோட்டத்தை வாங்கிய மார்க் பெட்வே என்னும் முதலாளி தன் அடிமைகளை வட கரோலினாவிலிருந்து நடத்தியே அழைத்துவந்தார்; அவர்களுடைய வழித்தோன்றல்களில் பலருக்கு இன்றைக்கும் பெட்வே என்பதே குடும்பப் பெயர். அடிமை முறை ஒழிந்த பின்னும் அவர்கள் அதே நிலத்தில், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்கு உழுதார்கள். கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டுக் கிளம்பிய 1962இல், ஆற்றைக் கடந்து மாவட்டத் தலைநகரான கேம்டனுக்குச் செல்லும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது மறுபடி தொடங்கியது 2006இல்தான். இவ்வளவு ஒதுக்கப்பட்ட ஓர் ஊரில், தாயிடம் மகளும் மகளிடம் பேத்தியுமாகத் தையல் கற்றவர்களின் கண்ணுக்கு எது பழகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பலகைச் சுவர் வீடுகள், குளிர்காற்றைத் தடுக்க அச்சுவர்களில் ஒட்டிய செய்தித்தாள் பக்கங்கள், களஞ்சியங்கள், பன்றிப் பட்டிகள், உழவுசால்கள் ஆகியவைதாம் அவர்கள் நாள்தோறும் கண்டவை. மையத்தில் ஒரு சதுரத்தை வைத்து அதைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை ஒட்டிச் செல்லும் அமைப்பை அவர்கள் 'வீட்டுக்கூரை' என்று அழைக்கிறார்கள். அதன் ஒரு வகைக்குப் 'பட்டியில் பன்றி' என்று பெயர். சின்னஞ்சிறு துணிமுக்கோணங்களை அடுக்கடுக்காக மடித்துத் தைப்பது 'பைன் காய்' எனப்படும். அதையே அலபாமா தன் மாநிலப் போர்வையாக 1997இல் அறிவித்தது. களஞ்சியத்தைப் பார்த்தாலும் வீட்டு முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாலும் தனக்கு ஒரு போர்வை தோன்றிவிடும் என்று, அவ்வூரில் போர்வை தைப்பவர்களில் ஒருவரான மேரி லீ பெண்டால்ஃப் கூறியிருக்கிறார். 2015இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருதைப் பெற்ற அவரே தம் கலையின் ஊற்றைச் சுட்டிக்காட்டிய பிறகு, நாம் பாரீஸ் வரை போய்த் தேடுவானேன்?

எனினும், வடிவங்களைவிடத் துணியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நிலக்காட்சி வரையும் ஓவியர் வயலுக்கு வெளியே நின்று வயலைப் பார்க்கிறார். இப்போர்வைகளின் துணியோ வயலுக்குள்ளேயே உழைத்த துணி. முழங்கால் தேய்ந்த டெனிம் கால்சட்டைகளையும் வியர்வையில் ஊறிய சட்டைகளையும் கிழித்துத்தான் அவற்றைத் தைத்தார்கள். பழைய கால்சட்டையிலிருந்து பையைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் நீலம் கருமை மாறாமல் இருக்கிறது; சுற்றிலும் வெயில் அதை வெளுக்க வைத்திருக்கிறது. எந்தச் சாயத்தாலும் வரவழைக்க முடியாத அந்த இரண்டு நீலங்களை அருகருகே காணும்போது, அலபாமாவின் கோடைக்காலமே அந்தத் துணியில் இறங்கியிருப்பதை உணர்கிறோம். மிசௌரி பெட்வே என்பவர், கணவர் இறந்த பின் 1942இல், அவருடைய வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு போர்த்திக்கொள்ளவும் அதைத் தைப்பதாகத் தாய் கூறியதை மகள் அர்லோன்சியா பின்னாளில் நினைவுகூர்ந்தார். சாம்பலும் நீலமும் பழுப்புமாக மங்கிய அந்தப் பட்டைகளை வெறும் வண்ண அமைப்பு என்று எழுதுவது, அந்த மனிதர் உழைத்த நிலத்தையும் அவரையும் ஒருசேரப் புறக்கணிப்பதாகும்.

சந்தை குறுக்கிட்ட கதையையும் கட்டுரை தொட்டிருக்கலாம். 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் சேர்ந்து 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு போர்வையைப் போலவே மற்றொன்றும் இருக்க வேண்டும் என்று நகரத்துக் கடைகள் கேட்டன. கூலிக்காக அவர்கள் அப்படியே தைத்தும் கொடுத்தார்கள். ஆனால் 1972இல் சியர்ஸ் என்னும் பெரிய கடை நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கத் தொடங்கியபோது மிஞ்சிய, கார்டுராய் என்னும் வரிவரியான தடித்த துணியின் துண்டுகள் வீடுகளுக்குப் போய், யாருடைய கட்டளைக்கும் உட்படாத போர்வைகளாக மாறின. ஒரே துணி கடைக்கு ஒருவிதமாகவும் வீட்டுக்கு வேறுவிதமாகவும் தைக்கப்பட்டதைக் கண்ட பிறகும், இப்பெண்கள் தம்மையறியாமல் கலை படைத்தார்கள் என்று கட்டுரையின் இறுதியில் சொல்லப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தத் துண்டை எதற்குப் பக்கத்தில் வைப்பது, நேர்கோட்டை எந்த இடத்தில் கோணலாக விடுவது என்பதையெல்லாம் அவர்கள் அறிந்தே முடிவு செய்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

கட்டுரையுடன் வெளியான படங்களின் கீழே 'கிராமப் பெண்களின் கைவண்ணம்' என்று மட்டும் அச்சிட்டிருந்தீர்கள். ஐரோப்பிய ஓவியர்களுக்குப் பெயர் தந்த அதே பக்கத்தில், தைத்தவர்களின் பெயர்களுக்கு இடமில்லாமல் போனது வருத்தம் தருகிறது. அருங்காட்சியகங்கள் இப்போர்வைகளைப் பெயர், ஆண்டு, துணி வகை ஆகியவற்றோடுதான் காட்சிக்கு வைக்கின்றன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்து கீஸ் பெண்ட் போர்வைகளை அஞ்சல்தலைகளாக வெளியிட்டதால், அவற்றைத் தைத்தவர்களின் பெயர்களைத் தேடி அறிவதும் கடினமன்று. வரும் ஞாயிறு இதழிலேயே அப்படங்களை மீண்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் தைத்தவரின் பெயரையும், தைத்த ஆண்டையும், அது எந்த உடையிலிருந்து கிழித்தெடுத்த துணி என்பதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.