ஒரு நூல் இடைவெளி

கும்பகோணம்,
தை 10

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவை அம்மா போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவு நிலையைச் சுற்றி நீயே அடித்த பீடிங், அதாவது விளிம்பு மரப்பட்டை, மூலையில் ஒரு நூல் விரிந்திருக்கிறது. ஆனால் உள்பக்கம் மட்டும்தான்; வெளிமுனை ஒட்டியே நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. உன் வெட்டில் பிழை இல்லை அம்மாடி.

மரம் அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் அனேகமாகச் சுருங்காது. நீ ஆடியில் அடித்தாய். இப்போது அங்கே, கனடாவின் வின்னிபெக்கில், பனி. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்து கிடக்கும். பட்டையின் அகலம் குறைந்தால் மூலையில் சேர்க்க வெட்டிய 45 டிகிரி 45-ஆக நிற்காது, உள்முனை பிரிந்துவிடும். ஈரம் ஏறினால் வெளிமுனை திறக்கும்.

எனக்கு இது திருவையாற்றில் ஒரு வீட்டில்தான் உறைத்தது. ஐப்பசி அடைமழையில் நான்கு நிலைக்குத் தேக்கு பீடிங் அடித்தேன். மயிரிழைகூடத் தெரியவில்லை. பங்குனியில் போனால் எட்டு மூலையும் வாய் பிளந்து நிற்கின்றன. அந்த வீட்டு அம்மாள் ஒன்றும் சொல்லாமல் காபி கொடுத்தார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. அதற்கப்புறம், வேலை நடக்கும் அறையிலேயே மரத்தை ஒரு வாரமாவது அடுக்கிவைக்காமல் ரம்பத்தைத் தொட்டதில்லை.

அடுத்து ஹாலில் தரையோரப் பட்டை என்கிறாய். உள்மூலையில் 45-க்கு 45 சேர்க்காதே. முதல் பட்டையை நேராக வெட்டிச் சுவரில் முட்டவிடு. இரண்டாவதை 45-இல் வெட்டினால் அதன் வளைவு முகப்பில் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பென்சிலால் தடவிவிட்டு, மெல்லிய அலகுள்ள வில் ரம்பத்தால் கோட்டோடு அறு. பின்பக்கத்தை உள்வாங்கிச் சாய்த்து அறுக்க வேண்டும். முகப்பு விளிம்பு மட்டும் முதல் பட்டையின் மேல் உட்கார்ந்தால் போதும். இடிக்கும் இடத்தை உருட்டு அரத்தால் தேய். சுவர் மூலை கோணலாக இருந்தாலும் இந்த இணைப்பு மறைத்துவிடும். முதலில் துண்டுக் கட்டையில் இரண்டு மூன்று முறை பழகிக்கொள்.

வெளிமூலைக்குக் கோண வெட்டுதான். மூலைமட்டத்தை நம்பாமல் சுவரை அளந்து பாதியாக்கு. 92 என்றால் 46. வெட்டுமுகம் பசையைக் குடித்துவிடும், அதனால் ஒரு கை தடவிக் கொஞ்சம் பொறுத்து மறுபடி தடவு. மூன்று பட்டை கூடும் இடத்தில் சற்றுத் தடித்த சதுரக் கட்டை ஒன்றை வைத்து, எல்லாவற்றையும் அதில் முட்டவிட்டால் சரி.

நிலையில் விரிந்ததை இப்போது பட்டி வைத்து அடைக்காதே. அங்கே கோடையில் காற்றில் ஈரம் ஏறி மரம் ஊதும்போது அந்தப் பட்டியே மூலையை வெளிப்பக்கம் தள்ளும். ஆடி வரை அப்படியே விடு.

உள்மூலை அறுக்கும்போது வீடியோவில் கூப்பிடு. இங்கே நடுராத்திரியானாலும் அப்பா விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா